சட்டையில் ஏறிய புகை

காலையில் ரோல் கால் முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். பம்ப் ஓடுகிறதா, சைரன் ஒலிக்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை அது. சென்னையின் தென்புறத்தில் நான் போயிருந்த அந்தத் தீயணைப்பு நிலையத்தில், வண்டி நிற்கும் கூடத்துக்கும் ஆட்கள் படுக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. டீசல் புகை அதன் வழியே நுழைந்து போர்வைகள்வரை போயிற்று. அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே இவர்கள் புகைக்குள் இருக்கிறார்கள்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் முடிவுக்கு வந்தது. 2022இல் தீயணைப்புத் தொழிலையே அதே முதல் வகையில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் வகை அது.

"தீ எரியறப்ப எல்லாரும் உஷாரா இருப்போம் தம்பி. அணைஞ்சப்புறம்தான் அசந்துடுவோம்" என்றார் நிலையத்தின் மூத்தவர். இருபத்தேழு வருட சர்வீஸ். அவர் சொல்வது, சுவாலை அடங்கிய பின் நடக்கும் கிளறும் வேலையை. மூட்டை மூட்டையாக இழுத்துப் போட்டு, உள்ளே கனல் இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். ஒரு கிடங்கென்றால் விடிய விடிய ஆகும். கண்ணுக்குப் புகை தெரியாததால் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அப்போதும் காற்றில் மிதந்துகொண்டிருக்கின்றன. கிளறக் கிளறப் புதிதாக எழுகின்றன. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும்.

"மூக்கைச் சிந்தினா மூணு நாளைக்குக் கறுப்பாத்தான் வரும்."

மூச்சுக் கருவியான பி.ஏ. செட்டை எனக்கு மாட்டிவிட்டார். முதுகில் சிலிண்டர், முகத்தை இறுக்கிப் பிடிக்கும் முகமூடி, தோளோரம் அழுத்தம் காட்டும் முள். நான் விட்ட மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. நிரப்பும்போது 300 பார். 55 பார் அளவுக்கு இறங்கினால் விசில் அடிக்கும், வெளியே வந்துவிட வேண்டும். அரை மணி நேரக் காற்று என்பது கணக்கு. ஹோஸைச் சுமந்துகொண்டு மாடி ஏறினால் இருபது நிமிடத்திலேயே விசில் அடித்துவிடும் என்றார்.

2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது. அரை மணிக் காற்றை வைத்துக்கொண்டு அத்தனை நாள் எப்படி நிற்பது? ஈரக் கைக்குட்டைதான் துணை. பெரிய கரித்துகளை அது தடுக்கும். நுண்துகளுக்கு அந்த நெசவு திறந்து கிடக்கும் வாசல்.

பின்பக்கக் கொடியில் காக்கிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சட்டையைத் துவைப்பது பெரும்பாலும் வீட்டில். "எங்க வீட்ல அதுக்குன்னு தனி வாளி வச்சிருக்கா. தண்ணி மையாட்டம் ஆயிடும். புள்ள சின்னதா இருக்கறப்ப ஓடி வந்து கட்டிக்கும், 'இரும்மா, குளிச்சிட்டு வந்துர்றேன்'னு தள்ளி நிக்க வைப்பேன்." இரண்டு நாள் கழித்தும் தலையணை உறையில் புகை வாசனை இருக்குமாம். தோல் வழியாகவும் அந்த அழுக்கு உடம்புக்குள் போகிறது என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வியர்வை சொல்லியிருக்கிறது.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இரட்டைக் கோபுரங்கள் இடிந்து கிளம்பிய தூசியால் பின்னாளில் நோயுற்று இறந்த வீரர்களின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் அதே 343ஐத் தொட்டது. ஆண்டுக்கணக்காக மருத்துவப் பரிசோதனை செய்து, பதிவு வைத்திருந்தார்கள், அதனால் தெரிந்தது. நம் மூத்தவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம். பிறகு ஒரு நாள் வரும் இருமலை அவர் அணைத்த எந்தத் தீயின் கணக்கில் எழுதுவது? வேண்டியவை இவைதான்: நிலையத்துக்கு ஒரு சலவை இயந்திரம், மாற்றிக்கொள்ள இன்னொரு செட் உடுப்பு, வண்டிப் புகையை வெளியேற்ற ஒரு குழாய், கிளறி முடியும்வரை போதுமான சிலிண்டர்கள். தீயணைப்பு வண்டி ஒன்றின் விலையோடு வைத்துப் பார்த்தால் முதல் மூன்றும் சொற்பம். ஏன் தாமதிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. குப்பைத் தீ. மூத்தவர் கொடியிலிருந்த சட்டையை உருவி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். கடைசியாக ஓடிய இளைஞர் குழாயடியில் ஒரு கணம் நின்றார். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து கழுத்தில் கட்டிக்கொண்டே தாவி ஏறினார்.