60 சென்ரிமீற்றரில் நல்லூர்

நல்லூர்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

திருவிழா முடிந்து கடைகளையும் கழற்றிவிட்டார்கள். ஒழுங்கையில் இப்போது சைக்கிள் விடலாம்.

போன கிழமை மருமகனின் ஆசையைப் பற்றி நீ சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. போனில் இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கூட்டாளி வீட்டில் சின்னச் சின்னப் போர்வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடுகிற ஆட்டத்தைக் கண்டு வந்து, தனக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நீ இரண்டு காரணம் சொல்லி மறுத்திருக்கிறாய். ரொறன்ரோவில் உங்கள் வீட்டில் ஒரு கதிரை கூடப் போட இடமில்லை என்பது ஒன்று. மற்றது, “நாங்கள் பட்டது காணும் அக்கா, எங்கட வீட்டுக்குள்ள யுத்தம் வேண்டாம்” என்றாய். முதலாவது எளிதில் தீரும். இரண்டாவதை நான் அப்படிச் சொல்லித் தள்ள மாட்டேன்.

இடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்குப் பெரிய இடம் வேண்டும் என்று நீ நினைப்பது ஒரு காலத்தில் சரி. எச். ஜி. வெல்ஸ் 1913 இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது ஆடியது வீட்டுத் தரையிலும் புல்வெளியிலும். ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, மரக்குச்சி சுடும் விளையாட்டுப் பீரங்கியால் வீழ்த்துவது. பின்னால் வந்தவர்கள் மேசைக்கு ஏற்றினார்கள். ஆனால் அந்த மேசை ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். 1990 இல் இங்கிலாந்தில் ஃபில் பார்க்கரும் ரிச்சர்ட் பொட்லி ஸ்கொட்டும் ‘டி பெல்லிஸ் அன்ரிக்விற்றாற்றிஸ்’ என்ற மெல்லிய விதிப்புத்தகத்தைக் கொண்டு வந்தார்கள். ஆடுகிறவர்கள் அதை டி.பி.ஏ. என்பார்கள். ஒரு படைக்கு 12 துண்டு, இரண்டடிச் சதுரப் பலகை, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு. உன் சாப்பாட்டு மேசையில் பாதி போதும்.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டை உருட்டுகிற முறை. உன் முறை வரும்போது ஆறு பக்கக் கட்டையை உருட்டுவாய். விழுந்த எண் எவ்வளவோ அத்தனை அசைவுதான் உனக்கு. ஒட்டி நிற்கிற வரிசை ஒன்றாக நடந்தால் அதற்கு ஒரு எண் போதும். வரிசை கலைந்துவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே எண் கேட்கும். தொடக்கத்தில் முழுப் படையையும் கையில் வைத்திருக்கிற தளபதி, கைகலப்புத் தொடங்கியபின் ஒன்றை நகர்த்திவிட்டு மற்றதெல்லாம் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்தச் சரித்திரப் புத்தகத்தை விடவும் அது என்னிடம் ஆட வருகிற பிள்ளைகளுக்கு நன்றாக விளங்குகிறது: கட்டளை கொடுத்தவுடன் நடந்துவிடுவதில்லை. நாலு துண்டை இழந்து, எதிரியை விடவும் கூட இழந்திருந்தால் தோல்வி. அழுது வடிகிற இழுபறி இல்லை. இன்னும் எளிது வேண்டுமென்றால் நீல் தோமஸ் 2014 இல் எழுதிய ‘வன் அவர் வோர்கேம்ஸ்’ இருக்கிறது. மூன்றடிச் சதுரம், பக்கத்துக்கு ஆறு அணிக்கு மேல் இல்லை, 15 சுற்றில் முடிந்துவிடும். எங்களூர்ப் பிள்ளைகளுக்கு நேரம்தான் பெரிய தடை. பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போக முன்னம் கிடைப்பது ஒரு மணித்தியாலம். என் விறாந்தையில் சனிக்கிழமை தொடங்குகிற ஆட்டம் கோவிலில் பின்நேரப் பூசை மணி கேட்க முன்னம் முடிந்துவிட வேண்டும். நல்லூரில் மணி பிந்தாது என்பது உனக்குத் தெரியும்.

டி.பி.ஏ. புத்தகத்தின் படைப்பட்டியலில் எங்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. ‘தமிழ் இந்தியரும் சிங்களவரும்’ என்று ஒரே தலைப்பு, இரண்டு பேருக்கும் ஒரே பட்டியல். அதை வாசித்துக் காட்டியபோது ஒரு பெடியன் புத்தகம் பிழை என்றான். மற்றவன், “பிழை இல்லை, இரண்டு பேரிட்டையும் இருந்தது அதே யானையும் அதே வில்லும்தானே” என்றான். இன்னும் வாதாடுகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அவர்கள் வாதாடட்டும்.

நாங்கள் ஆடுவது அந்தப் பட்டியலுக்கு உரிய போர் எதுவும் இல்லை. எங்கள் பலகை நல்லூர். 1591 ஒக்ரோபர். அந்திரே ஃபுர்ற்றாடோ டி மென்டோன்சா போர்த்துக்கேயரின் பறங்கிப் படையோடு கொழும்புத்துறையில் இறங்கி நல்லூருக்கு நடக்கிறான். அரசன் புவிராஜ பண்டாரம். கொழும்புத்துறைக்கும் நல்லூருக்கும் இடையில் மலை இல்லை, ஆறு இல்லை. பனையும் வேலியும் வயலும்தான். நீயும் நானும் சைக்கிளில் போய் வந்த தூரம்.

இந்தப் போரைத் தெரிவு செய்ததற்குக் காரணம், அது சின்னப் பலகைக்கென்றே நடந்ததைப் போல இருப்பது. எங்கள் பழைய தலைநகரமே ஒரு சதுரம்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். நாலு கோவிலுக்கும் நாலு மரக்கட்டை வைத்தால் நகரம் பலகையில் எழும்பிவிடுகிறது. தென்கிழக்கு மூலையில் நீலச் சேலைத்துண்டு ஒன்று. அது கடல்நீரேரி, கொழும்புத்துறை அதன் கரையில். வடகிழக்கு ஓரம் கோப்பாய்க்குப் போகிற வழி. 1560 இல் கோவாவின் வைஸ்ரோய் கொன்ஸ்ரன்ரினோ டி பிறகன்சா நல்லூரைப் பிடித்தபோது முதலாம் சங்கிலி கோப்பாய்க்குத்தான் பின்வாங்கினான். அந்த முறை சனம் எழும்பியதால் பறங்கியர் நிலைக்க முடியாமல் மன்னாரோடு நின்றார்கள். ஆகவே அந்த வழியை வெறும் ஓரமாக நினைக்கக்கூடாது. அரசன் தப்பிப்போனால் போர் முடியவில்லை.

பறங்கிக்குத் துவக்குக்காரர், வாள்வீரர், கூட வந்த லஸ்கரின்கள் என்ற சுதேசச் சிப்பாய்கள். அரசனுக்கு வேல்காரர், வில்லாளர், வடுகக் கூலிப்படை, ஒரு யானை. பொம்மை வாங்கவில்லை, யாழ்ப்பாணத்தில் அதற்குக் கடை இல்லை. பீற்றர் டெனிஸ் என்ற ஆங்கில ஓவியர் கடதாசிச் சிப்பாய்களை வரைந்து, பிரதி எடுத்து வெட்டி ஒட்டுவதற்கென்றே புத்தகங்கள் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களே வரைந்தார்கள். மட்டையில் ஒட்டி, அடியில் ஒரு சதுர மட்டை. இரண்டு படையும் ஒரு மலிபன் பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கும்.

அரசனாக இருப்பவனுக்கு முதல் சுற்றிலேயே தலையிடி. கரையில் போய் மறிப்பதா, நகர் வாசலில் நிற்பதா? கரைக்குப் போனால் பறங்கி இறங்கும்போதே அடிக்கலாம், ஆனால் கட்டையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் பாதிப் படை வயலில் நின்றுவிடும். வாசலில் நின்றால் வரிசை கலையாது, ஆனால் துவக்கு வருகிறது. 12 துண்டை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முடியாது. பெரிய மேசையில் இருநூறு உருவம் இருந்தால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று இந்தக் கேள்வியில் இருந்து நழுவிவிடலாம். சின்னப் பலகை நழுவ விடாது. அதனால்தான் சின்ன ஆட்டத்தைப் பெரிய ஆட்டத்தின் குறைந்த வடிவமாக நான் நினைப்பதில்லை. அதுதான் கூர்மையானது. அப்பம்மா விறாந்தையில் கரிக்கட்டியால் கீறிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பார்; மூன்று புலி, பதினைந்து ஆடு, அவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு யோசித்தோம்.

அந்தப் போரில் நடந்தது உனக்குத் தெரியும். அரசன் கொல்லப்பட்டான். பறங்கியர் எதிர்மன்னசிங்கனைச் சிம்மாசனத்தில் இருத்தினார்கள். பிறகு 1619 இல் பிலிப் டி ஒலிவேரா பூநகரிப் பக்கத்தால் வந்தான். இரண்டாம் சங்கிலி பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டான். 1621 இல் கந்தசுவாமி கோவிலை இடித்தார்கள். அதையும் ஒருநாள் பலகையில் வைக்க வேண்டும். தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் அனுப்பிய படையும் அதில் வரும். பெரிய வேலை, இப்போதைக்கு இல்லை.

இந்தப் போர்களைப் பற்றி எங்களுக்குக் கிடைப்பது அரைவாசிதான். பறங்கி எழுதியதைக் குவேறோஸ் பாதிரியார் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துத் தொகுத்தார். எங்கள் பக்கத்தில் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. அதுவும் ஒல்லாந்தர் காலத்தில் எழுதியது. இரண்டிலும் அரசர் வருகிறார்கள், தளபதிகள் வருகிறார்கள். வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு ஓடிய சனம் வருவதில்லை. டி.பி.ஏ. யிலும் வருவதில்லை.

இப்போது உன் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவை நீயும் நானும் மறக்கப்போவதில்லை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் நின்றோம். அம்மாவின் கையை நீ பிடித்திருந்தாய், மழை. அந்த நேரம் எங்கோ ஒரு அறையில் யாரோ வரைபடத்தில் அம்புக்குறி கீறிக்கொண்டு இருந்திருப்பார்கள். அந்த வரைபடத்தில் நாங்கள் ஒரு புள்ளியாகக் கூட இல்லை. உன் பயம் எனக்கு விளங்குகிறது, தம்பி. சனமே இல்லாத ஒரு யுத்தத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், யுத்தம் என்றால் அதுதான் என்று அவன் நினைத்துவிடுவான்.

அதனால் எங்கள் பலகையில் சனம் இருக்கிறது. புளியங்கொட்டை. நாலு கோவிலுக்கும் பக்கத்தில் குவியலாக வைப்போம். அவர்களைக் கோப்பாய் ஓரத்துக்குக் கொண்டு போவது அரசனின் வேலை, அதற்கும் அதே கட்டைதான். ஐந்து விழுந்தால் ஐந்தையும் படைக்குச் செலவழிக்கலாம். அல்லது இரண்டை வேல்காரருக்குக் கொடுத்துவிட்டு மூன்றால் சனத்தை நகர்த்தலாம். பறங்கி நகருக்குள் வந்த நேரம் மிஞ்சி நிற்கிற கொட்டை எல்லாம் அரசனின் கணக்கில் இழப்பு. பாதிக்கு மேல் கோப்பாய் சேர்ந்துவிட்டால், நல்லூர் விழுந்தாலும் அரசன் தோற்கவில்லை. இந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் வைத்தது. முதன்முறை அரசனாக இருக்கும் பெடியங்கள் கொட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை, யானையைத்தான் ஓட்டுவார்கள். பிறகு மெல்ல மாறுகிறார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை சனத்துக்கு வழி திறந்து வைக்க யானையை வேண்டுமென்றே இழந்தாள். அன்று எனக்கு வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன், அது மாறாது. எங்கள் ஆயுளில் நடந்த போர் பலகைக்கு வராது. பிள்ளையைத் தேடி இன்னும் வீதியோரம் படத்தோடு இருக்கிற தாய்மார் உள்ள ஊரில், 2009 இல் முடிந்த யுத்தத்தை வைத்து ஒருவரும் கட்டை உருட்டக்கூடாது. ஒரு பெடியன் கேட்டான், இல்லை என்றேன், ஏன் என்றும் சொன்னேன். நானூறு வருடத்துக்கு முந்தியதை ஆடலாம். அதன் காயம் எங்களுடைய கையில் இல்லை, ஆனால் அதன் வழிகள் இன்னும் எங்கள் காலடியில் இருக்கின்றன. அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பின் வாசலைத் தாண்டி ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு அந்த வாசலின் கல் இப்போது வெறும் கல் இல்லை. யமுனா ஏரியைப் பலகையில் எங்கே வைப்பது என்று பார்க்க நாலு பேர் நாடாவோடு போய் அளந்து வந்தார்கள்.

வெல்ஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அவர் போரை வெறுத்தவர். இந்த விளையாட்டை மூன்று நாலு முறை ஆடினாலே உண்மைப் போர் எவ்வளவு குழறுபடியான காரியம் என்று தெரிந்துவிடும் என்பதுதான் அவர் புத்தகத்தின் கடைசியில் சொன்னது. அடுத்த வருடமே முதலாம் உலகப் போர். அவர் ஆட்டம் ஒன்றையும் தடுக்கவில்லை. என் புளியங்கொட்டையும் தடுக்காது. ஆனாலும் என் விறாந்தைப் பிள்ளைகள் படை நகர்ந்தது என்று வாசித்தால், அப்போது சனம் எங்கே நின்றது என்று கேட்பார்கள். ஒரு சரித்திர ரீச்சருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

மருமகனுக்குச் சொல்: பொம்மைக் கடைக்குப் போகத் தேவையில்லை. 60 சென்ரிமீற்றர் சதுரத்தில் கெட்டி மட்டை ஒன்றை வெட்டி, நடுவில் மடிகிற மாதிரிச் செய்தால் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். நாலு கோவிலையும் அவனே கீறட்டும். திசையை நீ சொல்லிக்கொடு, உனக்கு மறந்திருக்காது. விதி இரண்டு பக்கம், இதோடு வைத்திருக்கிறேன். புளியங்கொட்டை உங்கள் தமிழ்க் கடையில் கொட்டைப் புளி வாங்கினால் வரும். மச்சாளிடம் எறிய வேண்டாம் என்று சொல்.

முதல் ஆட்டம் நீதான் அவனோடு ஆட வேண்டும். அவன் பறங்கிக்குத்தான் ஆசைப்படுவான், துவக்கு இருக்கிறதல்லவா. விட்டுக்கொடு. அரசனை நீ எடு. எத்தனை கொட்டை கோப்பாய்க்குப் போனது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்பின் அக்கா.