ஊசித்துளை

கிடுகுக் கூரை ஒழுகினால் சட்டியொன்றை வைத்துவிட்டுப் பேசாதிருந்து பழகியவர்கள் நாம். 1986ஆம் ஆண்டில், தென்கிழக்கு இங்கிலாந்தில் இரசாயனம் பயிலும் மாணவனாக, கணவனை இழந்த ஒரு மூதாட்டியின் மேல்மாடியில் நான் குடியிருந்தபோது, ஓர் ஒழுக்கு என் மானத்தையே தொட்டது.

கீழ்க்கூடத்தின் உட்கூரையில் ஈரம் படர்ந்தது. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கும் என் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தை அம்மையார் அறிவார். அவர் ஏதும் கூறவில்லை. குளியலறைத் தரையிலே பழைய துவாய்கள் மாத்திரம் விரிக்கப்பட்டன. தரைப் பலகையைக் கிளப்பியபோது, 15 மில்லிமீற்றர்ச் செப்புக் குழாயில் ஊசிமுனை அளவான துளையொன்று தெரிந்தது. குழாய் வேலைக்காரர் அத்துண்டை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தினார். மூன்று வாரத்தில் சற்று அப்பால் இன்னொரு துளை. “இவ்வீட்டிலே குளிப்பு அதிகம் போலும், குழாய் தேய்கிறது” என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விரைந்தோடும் நீர் செப்பை அரிப்பது உண்மையே. ஆனால் அத்தகைய அரிப்பு பெரும்பாலும் வளைவுகளை அடுத்து, குதிரை லாட வடிவில், பளபளப்பாக இருக்கும். நான் நூலகத்தில் தேடி, காம்பெல் என்பார் 1950இல் வெளியிட்ட ஆய்வைக் கண்டேன். குழாயை இழுத்து உருவாக்கும்போது பூசும் எண்ணெய், பின்னர் சூடேற்றுகையில் கரிந்து, உட்சுவரிலே காபன் படலமாக எஞ்சுகிறது. கடினமான கிணற்று நீர்பட்டால் அப்படலத்தின் வெடிப்புகளிலே குழிகள் விழுகின்றன. எங்கள் நீரும் சுண்ணாம்பு நிலத்து நீர். விடை கிட்டிவிட்டதென்றே நம்பினேன். வெட்டிய துண்டின் ஒரு நுனியை நைத்திரிக்கமிலத்தில் இட்டேன். செப்புக் கரைந்தது, கரிய செதில் ஒன்றேனும் மிதக்கவில்லை.

முதலிலே செய்திருக்க வேண்டியதைப் பின்னரே செய்தேன். எஞ்சிய துண்டை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தேன். சுவரெங்கும் மெல்லிய கபில நிறம். அடிப்பக்கத்தில் மட்டும், பற்றவைத்த இணைப்பிலிருந்து புறப்பட்டு, பச்சைக் கோடொன்று ஓடிற்று. துளை அக்கோட்டின் மேலேயே இருந்தது. பற்றவைக்குமுன் பூசும் பசை, அளவுக்கு மிஞ்சியமையால், உருகி உள்ளே வழிந்து உறைந்திருந்தது. அதிலே துத்தநாகக் குளோரைட்டு உண்டு. அதன் கீழே செப்புக் கரைய, பச்சைக் கசடு மேலே மூடிக்கொள்ள, குழிக்குள் அகப்பட்ட நீர் மேன்மேலும் அமிலத்தன்மை பெற்று வெளிச்சுவர்வரை தின்றுவிடுகிறது. புதுக் குழாயிலே நீரை நன்கு ஓடவிட்டால் பசையிற் பெரும்பகுதி கழுவுண்டு போகும். தேங்கவிட்டாலோ கேடு மிகும்.

குழாய் எப்போது இடப்பட்டது என அம்மையாரிடம் வினவினேன். 1979இல், தம் கணவர் தம் கையாலேயே இட்டதாகக் கூறினார். வேலை முடிந்த வாரமே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். மாரி முழுவதும் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் திரும்பி வரவில்லை.

என் குற்றமின்மை கையிலே இரு பிளவாக இருந்தது. நெடுநேரம் தயங்கியபின் அதை அவரிடம் நீட்டி, பசை வழிந்ததென்று மட்டும் சொன்னேன். கண்ணாடியை அணிந்துகொண்டு, பச்சைக் கோட்டை விரலால் தொடர்ந்து இணைப்புவரை சென்றார்.

“இணைப்பு ஒருநாளும் ஒழுகவில்லை” என்றார்.

ஆம், ஒழுகவில்லை என்றேன். மறுநாட் காலை, குளியலறைத் தரையிலே துவாய்கள் இல்லை.