பாறையும் சேர்ந்த படம்

பல்லாவரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கருங்கல்லின் நிறம் தெரியும். வெயிலில் சாம்பல் பூத்துக் கிடக்கும். மழை பட்டதும் மைபோலக் கருத்துவிடும். 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்; கொல்கத்தாவில் இதே இனக் கல்லால் ஆன ஜாப் சார்னாக்கின் கல்லறையிலிருந்து வந்தது அந்தப் பெயர். குவாரி ஓரங்களில் கண்ணுக்குப் பழகிய அந்தக் கருமைதான், மாமல்லபுரத்துக் கரைப்பாறைகளில் கேமராவோடு உட்காரும்போது எனக்குத் துணை.

அளவீட்டைக் கேமராவிடமே விட்டால் நனைந்த பாறையைச் சாம்பலாக்கிவிடும். கூடவே நுரை வெளிறும். அங்கே நிற்கும் சின்னக் கொக்கின் இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் கொக்கின் வெள்ளைக்கு எக்ஸ்போஷர் வைப்பேன். பாறை எவ்வளவு இருண்டாலும் இருளட்டும், அதன் இயல்பே அதுதானே! நம் கரை கிழக்குப் பார்த்தது என்பதால் காலைச் சூரியன் முகத்துக்கு நேரே எரியும். கூட்டம் சூரிய உதயத்துக்குத்தான் வருகிறது. பறவைக்கு நான் தேர்ந்தெடுப்பது, வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும் பிற்பகல் நான்கு மணி.

வெளிநாட்டுக் கையேடுகள் ஓதம் பார்த்துப் போகச் சொல்லும். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே பார்க்க வேண்டியது, பாறையை மூடியும் திறந்தும் விடும் மணலை. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே நகரும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே. 2004 ஆழிப்பேரலை மணலை அரித்தெடுத்தபோது, கடற்கரைக் கோயிலருகே புதைந்திருந்த சிற்பப் பாறைகள்கூட வெளியே தெரிந்தன.

பாறை நண்டுக்குப் பொறுமை வேண்டும். நிழல் விழுந்தாலே பிளவுக்குள் ஒளிந்துகொள்ளும். எதிர்ப்பக்கம் தாழ உட்கார்ந்து, முழங்கையைக் கல்லில் ஊன்றி அசையாமல் இருந்தால் முதலில் கண்கள் வரும், பிறகு கால்கள். அலை வடிந்ததும் கீழே இறங்கிப் பாசியைச் சுரண்டித் தின்னும். அடுத்த அலைக்குமுன் மேலேறும். அந்தப் போக்குவரத்து பிடிபட்ட பிறகுதான் ஷட்டரைத் தொடுவேன். நண்டு உறைந்து நிற்க 1/1000 நொடி. நுரை பட்டுப்போல இழுபட 1/4 நொடி. லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நெடுந்தொலைவு லென்ஸ் கைக்கு வந்ததும் கண்ணையும் அலகையும் மட்டும் நிரப்பத் தோன்றும். அதில் எனக்கு உடன்பாடில்லை. பாறையில்லாத நண்டு மீன் சந்தையில் எடுத்த படமாகவும் இருக்கலாம். சென்னைக்காரரான மா. கிருஷ்ணன் பல பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிய 'சூப்பர் பாண்டரோசா' கேமராவால் கறுப்பு வெள்ளையில் காட்டை எடுத்தவர். வண்ணமே இல்லாமல் உருவத்தையும் ஒளியையும் மட்டும் நம்பிய அவரது துணிவை இந்தக் கருங்கற்கரையில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். அந்த இரவுகளில் கேமராவை நான் பையிலிருந்து எடுப்பதேயில்லை. ஃபிளாஷ் ஒன்று மின்னினாலும் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். தெருவிளக்கே குஞ்சுகளைத் திசைமாற்றிவிடுகிறது. பொரிப்பகத்துக் குஞ்சுகளை மாலை வெளிச்சத்தில் கடலுக்கு விடும் நாட்களில் மட்டும், தள்ளி நின்று, அகலக் கோண லென்ஸில் எடுப்பேன். குஞ்சு புள்ளியாகத் தெரிந்தாலும் சரி, அது கடக்க வேண்டிய மணல் முழுவதும் படத்துக்குள் வர வேண்டும்.