கரிசல் மண்ணும் காரைத் தளமும்

கரிசல் காட்டில் வீடு ஒழுகினால், விவரமான கொத்தனார் எடுத்தவுடன் மாடி ஏறுவதில்லை. வீட்டைச் சுற்றி வருகிறார். இளையரசனேந்தலில் ஒரு பழைய காரை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனவரும் அப்படித்தான். அஸ்திவாரத்தை ஒட்டி மண் வெடித்திருந்த இடத்தில் ஒரு ஈர்க்கை விட்டு ஆழம் பார்த்தார். முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து, அதற்கு நேர்மேலே கைப்பிடிச் சுவரைக் காட்டினார். தளமும் சுவரும் சேருகிற மூட்டில் மயிரிழையாக ஒரு கீறல்.

"மண்ணு கீழ இழுக்கு, தளம் மேல வாயத் தொறக்கு. அவ்வளவுதான் தம்பி."

கரிசல் மழை குடித்தால் உப்பும்; கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நிற்கிற சுவர் வருஷா வருஷம் கொஞ்சம் அசையாமல் என்ன செய்யும்? இந்த அசைவைப் பொறுத்துக்கொள்ளும் கூரையைத்தான் அந்தக் காலத்தில் போட்டிருக்கிறார்கள். சுவருக்குச் சுவர் மரக்கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கு. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனம், கடைசியாகத் தட்டோடு. பொறியியல் புத்தகங்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்கிற சங்கதி இதுதான்.

தளத்தின் மேல் போடும் ஜல்லிக் கலவைக்குப் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கு ஒன்று உண்டு: 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீத்த சுண்ணாம்பு, மணல் கிடையாது. கொத்தனார் அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தவரில்லை. "அஞ்சு சட்டிக்கு ரெண்டு சட்டி" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான்.

கலவையைக் கொட்டினால் மட்டும் தளம் ஆகிவிடாது, அடிக்க வேண்டும். கூட இருந்த சித்தாள் அம்மா சின்ன வயதில் தளம் அடிக்கப் போனவர். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, ஆளுக்கொரு மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே நகர்வார்களாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். "கட்டைய ஓங்குனா அதுவா எகிறணும். அதுவரைக்கும் விட மாட்டாக" என்று வலது தோளைத் தடவிக்கொண்டார். இன்றைக்கு அந்த வேலைக்கு ஆள் சேர்க்க முடியாது. தீப்பெட்டி ஆபீஸிலும் நூறு நாள் வேலையிலும் கிடைப்பதை விட்டுவிட்டு வெயிலில் குத்தவைத்துக் கட்டை அடிக்க யார் வருவார்கள்? வரவில்லை என்று குறைபட எனக்கு மனசில்லை.

மாடியில் கொத்தனார் கரண்டியின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். ‘டங், டங்’ என்று வந்த சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்றது. அங்கே யாரோ முன்னொரு மழைக்கு அவசரமாகச் சிமெண்டைக் குழைத்து அப்பியிருந்தார்கள். சிமெண்ட் பூச்சு விறைத்து நிற்கும். சுவர் அசையும்போது கூட அசையாது. அதனால் அதன் இரு விளிம்பிலும் புதுக் கீறல் விட்டிருந்தது. உள்ளே போன தண்ணீர் ஆவியாகி வெளியேறவும் வழியில்லை. கீழே வந்து, சுவருக்குள் செருகியிருந்த கட்டையின் முனையில் ஒரு ஆணியை அழுத்தினார். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. சொட்டு விழுந்த இடமோ அங்கிருந்து இரண்டு கட்டை தள்ளி.

சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். கீறலின் வாயை உளியால் அகலப்படுத்தி, தூசு தட்டி, நன்றாக நனைத்த பிறகே சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்த சாந்து உள்ளே போனது. சுவர் மூட்டில் தண்ணீர் தங்காதபடி வளைத்துப் பூசினார். வாட்டம் பார்க்க ரசமட்டத்தைத் தேடவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது தூம்பை நோக்கி ஓடுகிறதா என்று குத்தவைத்துப் பார்த்தார்.

ஊருக்குள் தொகுப்பு வீடுகளின் கூரை வேறு கதை. கம்பிக்குத் துருப்பிடித்தால் இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். அது நெட்டித் தள்ள, அடிக் கான்கிரீட் பொரிந்து விழுகிறது. இப்படிப்பட்ட பழைய வீடுகளைச் செப்பனிட 2024-இல் மாநில அரசு ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. இந்த ஊருக்கு மனு எழுதுவதிலும் ஒரு சிக்கல். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த ஊர், பிறகு வருவாய்க் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியோடு சேர்ந்தது. ஊராட்சி ஒன்றியம் குருவிகுளமாகவே நிற்க, அது இன்று தென்காசி மாவட்டம். பட்டா ஒரு மாவட்டம், கூரை இன்னொரு மாவட்டம். பணம் வந்தாலும் கம்பியைச் சுரண்டாமல் மேலே பூசச் சொன்னால் அந்த வேலையை எடுப்பதில்லை என்கிறார் கொத்தனார்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர், டிவியில் காட்டுகிற வாட்டர் புரூப் பெயிண்டை மேலே ஒரு கை அடித்துவிடலாமா என்று கேட்டார்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. ஐப்பசிக்கு முந்தி தூம்புல கெடக்க வேப்பஞ்சருக அள்ளிப் போடுங்க. அரசங்கன்னு மொளச்சா அன்னைக்கே வேரோட புடுங்கிருங்க. பெயிண்டு காசுக்கு அந்த உளுத்த கட்டைய மாத்துவோம்."