வெற்றியும் அச்சமும்: ஓர் உளவியற் சோதனை

ஆணின் பங்கு யாது, பெண்ணின் பங்கு யாது என்று ஒருவரிடம் நேரே வினவினால், கிடைக்கும் விடை பெரும்பாலும் வினவியவருக்கு உவப்பான விடையாகவே அமைந்துவிடும். மறைக்கும் எண்ணம் மட்டும் இதற்குக் காரணமன்று. தாமே அறியாத எண்ணங்களை எவரால் எடுத்துரைத்தல் இயலும்? இதுபற்றியே உளவியலாளர் மறைமுக வழிகளை நாடினர். ரேர்மனும் மைல்சும் 1936 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஆண்மை, பெண்மைச் சோதனைக்கு அதன் நோக்கம் புலப்படாத வேறு பெயரே சூட்டப்பட்டிருந்தது.

1968 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவு செய்த மற்றீனா ஹோர்னர் கதையைக் கருவியாகக் கொண்டார். மருத்துவக் கல்லூரியின் முதற் தவணைப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலிடம் பெற்ற ஆன் என்னும் மாணவியைப் பற்றிக் கதை எழுதுமாறு 90 மாணவியரைக் கேட்டார். 88 மாணவருக்கோ அதே வெற்றியை ஜோன் என்னும் இளைஞனுக்கு உரியதாக்கிக் கொடுத்தார். ஜோனின் வாழ்வு கதைகளில் மலர்ந்தது. ஆன் தோழியரை இழந்தாள். மணவாழ்வு கிட்டாது வாடினாள். அவள் முதலிடம் பெறவே இல்லை என மறுத்த கதைகளும் உண்டு. மாணவியருள் நூற்றுக்கு 65 பேருக்கு மேற்பட்டோர் இவ்வாறு எழுதினர். மாணவருள் நூற்றுக்குப் பதின்மர்தாமும் எழுதவில்லை. வெற்றியைத் தவிர்க்கும் உந்தல் ஒன்று பெண்ணின் உள்ளத்தில் உறைகின்றது என்று ஹோர்னர் முடிவு கண்டார்.

ஆயினும், பெண்கள் பெண்ணைப் பற்றியும் ஆண்கள் ஆணைப் பற்றியுமே எழுதினர் அல்லரோ? வேறுபாடு எழுதியோரின் உள்ளத்திற் பிறந்ததா, கதைமாந்தரின் பாலினாற் பிறந்ததா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டவில்லை. 1974 இல் மொனகன், கூன், ஷேவர் ஆகியோர் பாடசாலை மாணவரிடையே இருபாலாருக்கும் இருவகைக் கதைகளையும் பகிர்ந்தளித்தனர். ஆன் பெற்ற வெற்றியைப் பெண்பிள்ளைகள் மட்டுமன்றி ஆண்பிள்ளைகளும் துன்பக் கதையாக்கினர். அதுவும் பெண்பிள்ளைகளினும் மிகுதியாக! பெண்ணின் அகத்து அச்சமென எண்ணப்பட்டது, வெற்றி பெறும் பெண்ணுக்குச் சமூகம் விதிக்கும் விலையைப் பற்றிய பொது அறிவாகவும் இருத்தல் கூடும் என்பது தெளிவாயிற்று.

இவ்வேறுபாடு சிறிதன்று. குறை பெண்ணின் மனத்தில் உளதாயின் திருத்தப்பட வேண்டியவள் அவளே. சமூகத்தில் உளதாயின் திருந்த வேண்டியோர் ஏனையோரே. சொற்களை வகைப்படுத்தும் வேகத்தைக் கொண்டு உள்ளத்தை அளக்கும், 1998 இல் அறிமுகமான உள்ளுறை இணைப்புச் சோதனையையும் இதே வினா தொடர்கின்றது. ஒருவர் நம்புவதை அது அளக்கின்றதா, அன்றித் தம் சூழலிற் கேட்டுப் பழகியதை அளக்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காணுமுன் பெண்ணின் இயல்பு இதுவெனத் தீர்ப்பு வழங்குதல் அறிவியலும் அன்று, அறமும் அன்று.