அசைவற்ற ஆமையும் அதற்குரிய அவகாசமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடிக்கு எதிரே விரியும் பாக் விரிகுடா, ஆழம் குறைந்து கடற்புல் செழித்த கடலாகும். ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கெனத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகமும் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய இக்கடலிலேயே உள்ளது. அதே புல்லை மேய வரும் பேராமையும், முட்டையிடக் கரை நாடும் பங்குனி ஆமையும் வலையில் சிக்குவதுண்டு. அவ்வாறு சிக்கிய ஆமைக்குரிய முதல் மருத்துவம் படகிலேயே தொடங்க வேண்டியதாகும்.

கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் ஊர்வன இனம். ஓய்ந்திருக்கையில் மணிக்கணக்கில் மூச்சடக்க வல்ல அது, வலைக்குள் திமிறும்போது உயிர்வளியை விரைவில் செலவிட்டுவிடுவதால், தசைகளில் லாக்டிக் அமிலம் மிகுந்து நினைவிழக்கிறது. செத்ததெனக் கருதி அந்நிலையில் அதைக் கடலில் விட்டால், மூச்செடுக்கத் தலை தூக்க இயலாமல் மூழ்கியே இறக்கும்.

கண்ணிமையின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுவதும் வாலை இலேசாகக் கிள்ளுவதும் முதற் சோதனைகள். இமை சிறிதே துடித்தாலும் உயிர் இருக்கிறதென்று பொருள். துடிக்காவிடினும், உடல் விறைக்காமலும் தசை அழுகாமலும் இருக்கும்வரை இறந்ததென முடிவு கட்டலாகாது. நுரையீரல் முதுகோட்டின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதால், ஆமையை மல்லாத்தினால் குடல் முதலிய உறுப்புகள் அதன்மேல் அழுந்தும். ஆகவே குப்புறக் கிடத்தி, பின்னுடலை அரையடி உயர்த்தி வைத்தால் உட்புகுந்த நீர் வடியும். அடிவயிற்று ஓட்டை அமுக்குவது தவறு. நிழலில் வைத்து, மூக்குத் துளைகளை மூடாமல் ஈரத்துணி போர்த்தி, இடையிடையே இமையைத் தொட்டுப் பார்த்துவர வேண்டும். குளிர்குருதி உயிரின் உடலியக்கம் மெதுவானது என்பதால், நினைவு திரும்ப 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம்.

வலையில் சிக்காமலே நோயுற்று மிதக்கும் ஆமையை வேறு குறிகளால் அறியலாம்: குழிந்த கண், உள்வாங்கிய அடிவயிற்று ஓடு, தோல்மீதும் அடர்ந்து படிந்த கொட்டலசு, முங்க இயலாமல் ஒருபுறம் சாய்ந்த மிதப்பு ஆகியவை நெடுநாள் மெலிவைக் காட்டுவன. வாயிலிருந்தோ கழிவாயிலிருந்தோ தூண்டில் நரம்பு தொங்கினால் அதை இழுக்கக் கூடாது. உள்ளே குடலைச் சுருக்கிக் கிடக்கும் நரம்பு இழுபடுகையில் குடலையே அறுத்துவிடும். இத்தகைய ஆமையைக் கடலில் விடாமல் வனத்துறைக்குத் தெரிவித்துக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பதே முறை.

2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அத்தகைய சாவுகளில் வலைக்குள் மூச்சடைத்து நேர்பவை மிகுதி. அவ்வாறு சிக்கிப் படகில் தெளிந்து தலை தூக்கிய ஆமையை, இயந்திரத்தை நிறுத்தி, வலை விரியாத பக்கமாகத் தலை முன்னாக நீரில் இறக்க வேண்டும். அசைவற்ற ஆமைக்கு, மீனவர் ஒவ்வொருவரும் தம் படகின் நிழலில் ஒரு நாள் இடம் தருவாராக.