ஏன் உடைந்தது என்று கேள்

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா அந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். அவிழ்த்துப் பார்த்தால் தலை வேறு, உடல் வேறு. துருப்பிடித்த ஆறு கம்பிகள்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. அவருடைய கணவர் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்த கிட்டார் அது. கணவர் இறந்தபின் பல வருடம் பரணில் கிடந்து, ஒழுகிய மழைநீரையும் குடித்திருந்தது.

“பேரன் வாசிக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க தம்பி. ஆனா இந்த இடத்துல மட்டும் கை வைக்காதீங்க” என்று உடலின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். முழங்கை உரசி உரசி வார்னிஷ் தேய்ந்து, வெறும் மரம் தெரிந்த இடம். அவர் கணவரின் கை பதிந்த இடம்.

கிட்டார் பழுதுபார்க்கும் மாஸ்டரிடம் நான் வேலை கற்கச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கம்பி மாற்றுவது, கழுத்தின் குறுக்கே பதித்த பிரெட்களைத் துடைப்பது, வயர் பற்றவைப்பது என்று சில்லறை வேலைகள்தான். “இதை நீ பண்ணு” என்றார். பசைக் கிண்ணத்தை எடுக்கப் போனேன். தடுத்துவிட்டார். “ஒரு வாரம் பசை, உளி எதுவும் தொடாதே. பாரு, நோட்டுல எழுது. ஏன் உடைஞ்சதுன்னு தெரியாம ஒட்டினா, ஒட்டின இடத்துலயே மறுபடி உடையும்.”

பார்க்கத் தொடங்கினேன். இரண்டு கொம்பு வைத்த மெல்லிய மகாகனி உடல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று. கிப்சன் மெலடி மேக்கர். கற்றுக்கொள்பவர்களுக்காக, குறைந்த விலையில், 1959-இல் கிப்சன் கொண்டுவந்த மாடல். 1961-இல் அதற்கு இரட்டைக் கொம்பு வந்தது. வருடத்தை இன்னும் நெருக்கிச் சொல்ல மாஸ்டர் ஒரு வழி காட்டினார். பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றியதும், பிக்கப்பும் வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்களும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டன. ஒரு பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் படிந்திருந்த பச்சைக் களிம்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஒவ்வொரு எண்ணாக எழுந்துவந்தது: 1376238. முதல் மூன்று எண்கள் தயாரிப்பாளரின் குறியீடு. அடுத்தது ஆண்டு, 62. கடைசி இரண்டும் வாரம், 38. ஈயப்பற்று யாரும் தொடாத பழைய பற்று. அப்படியென்றால் 1962 செப்டம்பருக்கு முன்னால் இந்த கிட்டார் உருவாகியிருக்க முடியாது. என் அப்பாவைவிட மூத்த பொருள் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது உடைவு. கிப்சனின் அந்தக் காலத்துக் கழுத்து ஒரே மரத்துண்டு. அதிலேயே தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். மரத்தின் நார் நேராக ஓடுகிறது, தலை மட்டும் சாய்கிறது. ஆகவே அந்த வளைவில் நார் குறுக்கே அறுபட்டுக் குட்டையாகிவிடுகிறது. போதாததற்கு, ட்ரஸ் ராட் என்னும் உள்கம்பியை முறுக்குவதற்கான குழியும் அங்கேதான். கழுத்திலேயே மெலிந்த இடத்தில் மரத்தைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். ஆறு கம்பிகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 45 கிலோ விசையில் ஓயாமல் இழுக்கின்றன. சுவரில் சாய்த்த கிட்டார் ஒருமுறை சரிந்தால் போதும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அது முதல் உடைவு அல்ல. முன்பே யாரோ எபாக்ஸி பசை ஊற்றி, பின்பக்கமாக இரண்டு மரத்திருகு முறுக்கியிருந்தார்கள். மிச்சமிருந்த நல்ல நாரையும் அந்தத் திருகுகள் வெட்டிவிட்டன. பாலிஷ் பிசுக்கைத் துடைக்காமல் ஊற்றியதால் பசையும் மரத்தைப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினேன். மாஸ்டர் படித்துவிட்டு, “இப்ப உளியை எடு” என்றார்.

திருகுகளை எடுக்க ஒரு நாள். சூடு காட்டி எபாக்ஸியை இளக்கி, அறுவைக்கத்தியால் துணுக்குத் துணுக்காகச் சுரண்ட நான்கு நாள். கொஞ்சம் அழுத்தினாலும் நார் பிய்ந்துவிடும். உடைந்த இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு அந்த நார்ச் சிலும்புகள்தான் சாவி. அதனால் உடைவில் உப்புத்தாள் போடவே கூடாது.

ஒட்டியது வச்சிரத்தால். தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிய தோல்பசைதான். கட்டியை இரவெல்லாம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 டிகிரிக்கு மேல் ஏறாமல் உருக்க வேண்டும். ஏன் இது என்று கேட்டேன். “நாளைக்கு இன்னொருத்தன் இதைத் திறக்க வேண்டிவந்தா, சூடும் ஈரமும் காட்டினா விட்டுக்கொடுக்கும். நமக்குப் பின்னால வர்றவனையும் நினைக்கணும்” என்றார்.

வச்சிரம் ஆற ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் கிளாம்ப் இறுகியிருக்க வேண்டும். கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி அச்சுக்கட்டை செதுக்கி, பசையில்லாமலே பன்னிரண்டு முறை பழகினேன். ஒட்டும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, கழுத்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, பூசி, சேர்த்து, முறுக்கினேன். விளிம்பெங்கும் ஒரே சீராகப் பசை முத்துமுத்தாக வெளியே வந்தது. அதுதான் சரியாகப் பிடித்ததற்கு அடையாளம். மூன்று நாள் தொடவில்லை. பிறகு, திருகுகள் நாசமாக்கிய இடத்தில் இரண்டு நீள வாய்க்கால் வெட்டி, பழைய மேசைக் காலிலிருந்து எடுத்த மகாகனிப் பட்டைகளை நார் ஓட்டம் நேராக இருக்கும்படி பதித்தோம். இப்போது பாரத்தைத் தாங்குவது அந்த நேரான நார்.

பிக்கப்புக்கு உயிர் இல்லை. மல்டிமீட்டர் முள் அசையவே இல்லை. உள்ளே சுற்றியிருப்பது தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. புதிதாகச் சுற்றிவிடலாம் என்றேன். “முதல்ல வெளிச்சுற்றைப் பாரு” என்றார். ஈரம் பட்ட வெளிமுனை பச்சையாக அரித்துப்போயிருந்தது. ஊசிமுனையால் தூக்கி, ஐந்தாறு சுற்றுகளைப் பிரித்ததும் பளபளவென்று நல்ல செம்பு வந்தது. மேல்பூச்சைச் சுரண்டி ஈயம் வைத்தேன். மீட்டர் முள் எழுந்து 7 கிலோ ஓமைத் தாண்டி நின்றது. தொழிற்சாலையில் சுற்றிய சுருள் அப்படியே பிழைத்தது.

பிரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் உலக வணிகத்தில் கடும் தடையுள்ள மரம். பெயர்ந்தால் ஈடு கிடையாது. அதனால் பிரெட்களைப் பிடுங்காமல், மட்டக்கட்டையால் சமன்செய்து, அரத்தால் உருட்டி மட்டும் விட்டோம். பூச்சிலும் இதே ஒழுக்கம்தான். பழையது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். புதிய லாக்கரைத் தொட்டு வைத்தால் பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஒட்டிய இடத்தில் மட்டும் தூரிகையால் வைத்தேன். விரிசல், கீறல், முழங்கை தேய்த்த மரம் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. உரித்துப் புதிதாக அடித்திருந்தால் கடைக்குப் புதுப்பொருள் போல மின்னியிருக்கும். அந்த அம்மாவுக்கு அது அந்நியப் பொருளாகியிருக்கும்.

நான்கு மாதம் கழித்து அவர் பேரனோடு வந்தார். பையன் ஆம்ப்ளிஃபையரில் செருகி ஒரு தடவை மீட்டினான். அந்த அம்மா தேய்ந்த விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று கிடைத்த கூலி அதுதான்.

ஒட்டும் வேலை மொத்தம் ஒரு நிமிடம். அதற்கு முன்னால் பார்த்த ஒரு வாரம்தான் தொழில் என்று இப்போது புரிகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கிட்டார் கிடக்கலாம். இன்றே இறக்கிக் கம்பிகளைத் தளர்த்தி வையுங்கள். உடைந்திருந்தால் ஒரு சிலும்பைக்கூட எறியாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள். கையில் கிடைத்த பசையை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உடைந்ததைச் சரிசெய்ய எப்போதும் நேரம் இருக்கிறது. தவறாக ஒட்டியதைப் பிரிப்பதுதான் கடினம்.